படம் சாய்கிறது, நிறம் மாறுகிறது, நிரல் நிற்கிறது: கியூட் நூலகத்தில் பிக்சல் கோளாறுகளை அறிகுறி வைத்துக் கண்டுபிடிக்கும் வழிமுறை

சிங்கப்பூரின் தெக்கா பக்கத்தில் உள்ள ஓர் அச்சகத்துக்காகப் படம் திருத்தும் சிறு மென்பொருள் ஒன்றைக் கியூட் (Qt) என்ற சி++ நிரல் நூலகத்தில் எழுதிக் கொடுத்து, அதை இன்றுவரை நானே பராமரித்து வருகிறேன். திருமண அழைப்பிதழ், கோயில் பதாகை, மங்கிப்போன குடும்பப் படம் என்று தினமும் ஏதாவது ஒன்று அதற்குள் போய் வெளியே வரும். பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வேலைப் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் புதிய வசதிகளைச் சேர்ப்பார்கள். மாணவர்கள் மாறினாலும் அவர்கள் கொண்டுவரும் கோளாறுகள் மாறுவதில்லை. “அண்ணா, நேத்து ஓடுச்சு, இன்னிக்கு ஓடல” என்று தொடங்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்பது இப்போது எனக்குப் பெரும்பாலும் முன்பே தெரிந்துவிடுகிறது. அதனால் அறிகுறிகளை வரிசைப்படுத்தி, செலவில்லாத காரணத்திலிருந்து செலவு மிகுந்த காரணம் வரை எழுதி வைத்திருக்கிறேன். செயற்கூறுகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழிலேயே எழுதியுள்ளேன். நிரல் எழுதும் திரையில் முதல் சில எழுத்துகளைத் தட்டினாலே முழுப்பெயர் வந்துவிடும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும், கணக்கைச் சந்தேகிக்கும் முன்பு படத்திடமே மூன்று கேள்விகளைக் கேட்டுப் பதிலை அச்சிட்டுப் பாருங்கள். ஃபார்மட் (ஒரு பிக்சலின் நிறம் பைட்டுகளில் அடுக்கப்பட்டிருக்கும் முறை) என்ன, அகலமும் உயரமும் எவ்வளவு, பைட்ஸ்பெர்லைன் (ஒரு வரிக்கான பைட்டுகள்) எவ்வளவு என்பவையே அவை. என்னிடம் வந்த கோளாறுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் நிரலரின் சூத்திரம் சரியாகவே இருந்தது. படம் நினைவகத்தில் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற அனுமானம்தான் தவறாக இருந்தது.

## அறிகுறி: படம் சாய்ந்து, வானவில் கோடுகளுடன் தெரிகிறது

சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டாற்போல் படம் முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும்; வண்ணப் படமானால் மெல்லிய சிவப்பு, பச்சை, நீலக் கோடுகள் வரிக்கு வரி மாறி ஓடும். இதைப் பார்த்தவுடன் கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம். கோப்பில் ஒரு குறையும் இருக்காது.

கியூட்டில் படத்தின் பிக்சல்களை நினைவகத்தில் வைத்திருப்பது கியூஇமேஜ். அது தன் ஒவ்வொரு வரியையும் 4 பைட்டுகளின் மடங்கில் முடிக்கும். கணக்கு அப்படி அமையாவிட்டால் வரியின் கடைசியில் வெற்றுப் பைட்டுகளைச் சேர்த்துக்கொள்ளும். அச்சகத்தில் சிக்கிய ஒரு படத்தின் அகலம் 1013 பிக்சல், ஃபார்மட் ஆர்ஜிபி888. ஒரு பிக்சலுக்கு 3 பைட் வீதம் ஒரு வரிக்கு 3039 பைட் வேண்டும்; கியூஇமேஜ் வைத்துக்கொள்வது 3040. அந்த ஒரே ஒரு பைட்டை மறந்துவிட்டால் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து பிக்சலில் மூன்றில் ஒரு பங்கு நகர்கிறது, 600 வரிகளில் அது 200 பிக்சல் சரிவாகச் சேர்ந்துவிடுகிறது. மூன்று வரிக்கு ஒருமுறை நிறங்கள் சுற்றி வருவதும் இதனால்தான். அதே அகலத்தில் சாம்பல் நிறப் படமானால் 1013-க்குப் பதில் 1016 பைட்டுகள் இருக்கும். கோடுகள் இருக்காது, வரிக்கு 3 பிக்சல் வீதம் சரிவு மட்டும் பலமாகத் தெரியும்.

சோதனையில் இது தப்பிவிடுவதற்குக் காரணம், நாம் சோதிக்கும் படங்களின் அகலம் 640, 800, 1024, 1920 என்று நான்கால் வகுபடுவதுதான். ஆகவே 101 பிக்சல் அகலமுள்ள ஒரு படத்தை எப்போதும் கையிருப்பில் வைத்திருங்கள். புதிய நிரல் எதுவும் முதலில் அந்தப் படத்தைத் தாண்டி வரட்டும்.

### வெளியிலிருந்து தரவு உள்ளே வரும்போது சாய்ந்தால்

கேமராவோ, ஓப்பன்சிவி என்ற படச்செயலாக்க நூலகமோ, நம்பை என்ற பைதான் எண்வரிசை நூலகமோ கொடுத்த பைட்டுகளைக் கொண்டு கியூஇமேஜை உருவாக்குகிறீர்கள் என்றால், அகலம், உயரம், ஃபார்மட் ஆகியவற்றை மட்டும் கொடுக்கும் கட்டமைப்பியைப் பயன்படுத்தியிருப்பீர்கள். பைட்ஸ்பெர்லைன் எண்ணையும் பெறும் இன்னொன்று இருக்கிறது, அதற்கு மாறுங்கள். கொடுக்க வேண்டிய எண் அகலத்தை மூன்றால் பெருக்கி வருவது அல்ல, தரவைக் கொடுத்த நூலகம் தன் வரிநீளம் என்று சொல்லும் எண்ணே. ஓப்பன்சிவியில் பெரிய படத்திலிருந்து வெட்டியெடுத்த பகுதிக்கு, வரிநீளம் பெரிய படத்துடையதாகவே இருக்கும். அதை அதன் ‘ஸ்டெப்’ மதிப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

### உள்ளிருந்து வெளியே கொடுக்கும்போது சாய்ந்தால்

பிட்ஸ் என்ற நினைவகச் சுட்டியிலிருந்து முழுத் தரவையும் ஒரே மூச்சில் நகலெடுத்திருப்பீர்கள். ஒவ்வொரு வரிக்கும் கான்ஸ்ட்ஸ்கேன்லைன் கேட்டு, தேவையான பைட்டுகளை மட்டும் வரிவரியாக எடுங்கள்.

சாய்வுடன் சேர்ந்து எப்போதாவது நிரலும் நின்றுவிடுகிறதென்றால் அதை வேறொரு கோளாறாகக் கருத வேண்டாம். வரிக்கு ஒரு பைட் அதிகமாக இருப்பதாக நம்பிக்கொண்டு படிக்கும் நிரல், கடைசி வரிகளில் தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்துக்குள் நுழைந்துவிடுகிறது. மேலே சொன்ன திருத்தமே இரண்டையும் சரிசெய்யும்.

## அறிகுறி: சிவப்பும் நீலமும் இடம் மாறிவிட்டன

நெற்றிக் குங்குமம் நீலமாகவும், முகம் நோயாளியின் முகம்போலவும் தெரியும். பச்சை மட்டும் அப்படியே இருக்கும். பச்சையும் கெட்டிருந்தால் இந்தப் பகுதி உங்களுக்கு உரியதல்ல, மேலே சாய்வுப் பகுதிக்குப் போங்கள்.

ஓப்பன்சிவி தன் வண்ணப் படங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைக்கிறது. அதை ஆர்ஜிபி888 என்று சொல்லிக் கியூஇமேஜுக்குக் கொடுத்தால் இதுதான் நடக்கும். கியூட் 5.14 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு கைவசம் இருந்தால் பிஜிஆர்888 என்ற ஃபார்மட்டைக் கொடுத்தாலே போதும். பழைய பதிப்பில் ஆர்ஜிபிஸ்வாப்ட் என்ற செயற்கூறை அழைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்துவிட்டு, மாறவில்லையே என்று வந்து நின்ற மாணவரும் உண்டு. இருமுறை திருப்பினால் பழைய இடத்துக்கே வரும்.

இரண்டாவது காரணம், 32 பிட் ஃபார்மட்டில் பைட் பைட்டாகக் கை வைப்பது. உறுதி செய்ய, ஒரே ஒரு பிக்சல் உள்ள படத்தை உருவாக்கித் தூய சிவப்பால் நிரப்பி, முதல் நான்கு பைட்டுகளை அச்சிடுங்கள். இன்டெல், ஏஆர்எம் கணினிகளில் ஆர்ஜிபி32 என்றால் 0, 0, 255, 255 என்று வரும். ஆர்ஜிபிஏ8888 என்றால் 255, 0, 0, 255 என்று வரும். பைட் வரிசையே தலைவலியாக இருந்தால், ஆர்ஜிபி32, ஏஆர்ஜிபி32 படங்களில் வரியின் சுட்டியைக் கியூஆர்ஜிபி வகையாக மாற்றிக்கொண்டு கியூரெட், கியூகிரீன், கியூபுளூ வழியாகப் படியுங்கள். வரிசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. நான் எப்போதும் இப்படித்தான் எழுதுகிறேன்.

## அறிகுறி: பிக்சலை மாற்றியும் திரையில் மாற்றம் இல்லை

முதலில், மாற்றம் உண்மையிலேயே நடந்ததா என்பதைத் தனியாகப் பாருங்கள். மாற்றிய உடனே படத்தைப் பிஎன்ஜி கோப்பாகச் சேமித்து, வேறொரு படம் பார்க்கும் செயலியில் திறவுங்கள்.

### சேமித்த கோப்பில் மாற்றம் இருக்கிறது

கோளாறு காட்டும் இடத்தில்தான். படத்தைத் திரையில் காட்டும் கியூலேபிளுக்கு நீங்கள் கொடுத்த கியூபிக்ஸ்மேப் (திரையில் காட்டுவதற்கான பட வடிவம்), கொடுத்த நேரத்துப் பிரதி. மூலப் படத்தை அதன்பின் எவ்வளவு மாற்றினாலும் லேபிளுக்குத் தெரியாது. ஃப்ரம்இமேஜ் வழியாகப் புதிய பிக்ஸ்மேப்பை எடுத்து மறுபடி செட்பிக்ஸ்மேப் செய்ய வேண்டும். நீங்களே எழுதிய விட்ஜெட் என்றால் அப்டேட் அழைப்பு விடுபட்டிருக்கும்.

### சேமித்த கோப்பிலும் மாற்றம் இல்லை

நீங்கள் பிரதியை மாற்றியிருக்கிறீர்கள். கியூஇமேஜை ஒரு செயற்கூறுக்கு மதிப்பாக அனுப்பினால் முதலில் இரண்டு பெயர்களும் ஒரே தரவைப் பகிர்ந்துகொள்ளும். நீங்கள் எழுதத் தொடங்கும் நொடியில் அது தனியாகப் பிரிந்துவிடும். உள்ளே எழுதியதெல்லாம் செயற்கூறு முடிந்ததும் போய்விடும். படத்தைக் குறிப்பாக, அதாவது ரெஃபரன்ஸாக அனுப்புங்கள், அல்லது மாற்றிய படத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். படங்களின் பட்டியலில் சுழலும்போதும் இதே பிழை நேரும்.

### மாற்றம் இருக்கிறது, ஆனால் நிறம் சம்பந்தமில்லாமல் இருக்கிறது

ஃபார்மட் இண்டெக்ஸ்டு8 ஆக இருக்கும். இணையத்திலிருந்து எடுத்த சின்னங்கள், வரைபடங்கள் பலவும் இந்த வகைதான். இதில் செட்பிக்சல் எதிர்பார்ப்பது நிறத்தை அல்ல, நிறப் பட்டியலில் உள்ள எண்ணை. கன்வர்ட்டூஃபார்மட் மூலம் ஏஆர்ஜிபி32-க்கு மாற்றிய பிறகே கை வையுங்கள். கியூபெயிண்டரும் இண்டெக்ஸ்டு8 படத்தின்மேல் வரைய மறுத்துவிடும். வெளியிலிருந்து வரும் எந்தப் படத்தையும் திறந்த கையோடு ஒரே ஃபார்மட்டுக்கு மாற்றிக்கொள்வதை வழக்கமாக்கினால் இந்த வகைக் கோளாறுகள் அடியோடு நின்றுபோகும். அதனால் ஆகும் கூடுதல் நினைவகத்தைப் பற்றி வாதாடுபவர்களிடம் நான் இப்போது வாதாடுவதில்லை.

## அறிகுறி: வெளிச்சத்தைக் கூட்டினால் பிரகாசமான இடங்கள் கறுக்கின்றன

சிராங்கூன் சாலைத் தீபாவளி ஒளியூட்டில் எடுத்த ஒரு படத்தை, பதாகைக்காக ஒரு மாணவர் வெளிச்சமாக்கினார். வளைவுகளும் கூட்டமும் அழகாகத் துலங்கின. ஆனால் ஒவ்வொரு விளக்கின் நடுவிலும், புழு அரித்ததுபோல், ஒரு கரும்புள்ளி.

காரணம் ஒன்றுதான். விளக்கின் நடுவில் மதிப்பு 250. அதோடு 20 கூட்டினால் 270. ஒரு பைட்டில் 255 வரைதான் இடம் என்பதால், 256 கழிந்து 14 மட்டும் மிஞ்சுகிறது. கியூஆர்ஜிபி செயற்கூறும் கீழ் எட்டு பிட்டுகளை மட்டுமே எடுத்துக்கொள்வதால் எச்சரிக்கை எதுவும் வராது. குறைக்கும்போது இதுவே தலைகீழாக நடக்கும்: 5-இலிருந்து 20 கழித்தால் 241 ஆகி, இருட்டில் வெள்ளைப் புள்ளிகள் முளைக்கும். கணக்கை முழு எண் மாறியில் செய்து, முடிவைக் கியூபவுண்ட் கொண்டு 0-க்கும் 255-க்கும் இடையே நிறுத்திய பிறகே பைட்டில் எழுதுங்கள். முதலில் பைட்டில் எழுதிவிட்டுப் பிறகு எல்லையைச் சோதிப்பதால் பயனில்லை. அதற்குள் 270 தொலைந்துபோயிருக்கும்.

## அறிகுறி: எழுத்துகளின் ஓரத்தில் மட்டும் ஒளிவட்டம் அல்லது அழுக்குக் கரை

நடுப்பகுதி சரியாக இருந்து, ஒளி ஊடுருவும் ஓரங்கள் மட்டும் கெட்டால், ஃபார்மட்டின் பெயரில் ப்ரீமல்டிப்ளைட் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வகையில் நிற மதிப்புகள் ஏற்கெனவே ஆல்ஃபாவால் (பிக்சல் எவ்வளவு ஒளி ஊடுருவாதது என்ற அளவால்) பெருக்கி வைக்கப்பட்டிருக்கும். பாதி ஊடுருவும் வெள்ளை 255 ஆக அல்ல, 128 ஆகவே இருக்கும். எந்த நிற மதிப்பும் ஆல்ஃபாவைத் தாண்டக்கூடாது. அதை அறியாமல் வெளிச்சத்தைக் கூட்டினால் ஓரங்கள் எரியத் தொடங்கும். ஏஆர்ஜிபி32-க்கு மாற்றி, கணக்கைச் செய்து, காட்டுவதற்கு முன் திரும்ப மாற்றுங்கள்.

## அறிகுறி: படம் முழுவதும் கறுப்பு, வெறுமை அல்லது இரைச்சல்

புள்ளி இரைச்சலோ, சற்றுமுன் திறந்த வேறு படத்தின் துண்டுகளோ தெரிந்தால், புதிய கியூஇமேஜை ஃபில் செய்யாமல் விட்டிருக்கிறீர்கள். அளவு மட்டும் கொடுத்து உருவாக்கும்போது அதன் உள்ளே என்ன இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எதுவுமே தெரியாமல் பின்னணி மட்டும் தெரிந்தால் ஆல்ஃபா 0 ஆகியிருக்கும்: மூன்று நிறங்களைக் கையால் நகர்த்திச் சேர்த்து ஏஆர்ஜிபி32-இல் எழுதுபவர்கள் நான்காவதை மறந்துவிடுகிறார்கள். திரையில் சரியாக இருந்து, ஜேபெக் கோப்பாகச் சேமித்தால் மட்டும் பின்னணி கறுப்பானால், ஜேபெக்கில் ஊடுருவும் தன்மைக்கு இடமில்லை என்பதே காரணம். வெள்ளைப் படம் ஒன்றின்மேல் வரைந்து அதைச் சேமியுங்கள், அல்லது பிஎன்ஜிக்கு மாறுங்கள்.

## அறிகுறி: தூரிகை மவுஸ் சுட்டியை விட்டு விலகி வரைகிறது

விலகல் எங்கும் ஒரே அளவாக இருந்தால், லேபிளுக்குள் படம் நிற்கும் இடத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. கியூலேபிள் படத்தை இயல்பாக இடப்பக்கம் ஒட்டி, உயரத்தில் நடுவில் வைக்கும்; ஆகவே விலகல் மேல்கீழாக மட்டும் இருப்பது இதன் அடையாளம். இடது மேல் மூலையில் சரியாக இருந்து, வலது கீழ் நோக்கிப் போகப் போக விலகல் கூடினால் அது அளவு மாற்றத்தின் வேலை: படம் சுருக்கிக் காட்டப்படுகிறது, அல்லது திரையின் டிவைஸ்பிக்சல்ரேஷியோ (நிரலின் ஓர் அலகுக்குத் திரையின் உண்மைப் பிக்சல்கள் எத்தனை என்ற விகிதம்) 1 அல்ல. சுட்டி தரும் இடத்தை அந்த விகிதத்தால் பெருக்கிய பிறகே பிக்சலைத் தொடுங்கள்.

## அறிகுறி: வேலை செய்கிறது, ஆனால் ஆமை வேகம்

கைபேசியில் எடுத்த 4000-க்கு 3000 பிக்சல் படத்தில் 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் பிக்சல், செட்பிக்சல் என்று அழைத்தால், இடம் எல்லைக்குள் இருக்கிறதா, தரவு பகிரப்பட்டிருக்கிறதா என்ற சோதனைகள் அத்தனை முறையும் நடக்கும். வரிக்கு ஒருமுறை ஸ்கேன்லைன் கேட்டு, அந்த வரிக்குள் சுட்டியால் நடந்துபோங்கள். அதன்பிறகும் மெதுவாக இருந்தால், வெளிச் சுழற்சியில் வரியும் உள்சுழற்சியில் நெடுக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் மாறியிருந்தால் கணினி நினைவகத்தில் தாவித் தாவி ஓடும். படிக்க மட்டும் வேண்டிய இடத்தில் ஸ்கேன்லைனை அழைப்பதும் வீண் செலவு. படம் பகிரப்பட்டிருந்தால் அந்த ஓர் அழைப்பிலேயே 48 மெகாபைட் நகலெடுக்கப்படும். அங்கே கான்ஸ்ட்ஸ்கேன்லைன் போதும்.

இவ்வளவுக்குப் பிறகே வேலையைத் த்ரெட்டுகளாக, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி இழைகளாக, பிரிப்பதைப் பற்றி யோசியுங்கள். பிரிப்பதானால் பிட்ஸ் சுட்டியை முதன்மைத் த்ரெட்டில் ஒரே முறை எடுத்து, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனி வரிகளைக் கொடுங்கள்.

## அறிகுறி: சில சமயம் நிற்கிறது, சில சமயம் நிற்பதில்லை

“நேத்து ஓடுச்சு” வகை இதுதான். அவசரப்படாமல், கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள்.

முதல் காரணம், தரவின் உடைமை. வெளித் தரவின்மேல் உருவாக்கிய கியூஇமேஜ் அதை நகலெடுப்பதில்லை. அந்த நினைவகம் படம் இருக்கும்வரை உயிரோடு இருக்க வேண்டும். செயற்கூறுக்குள் பிறந்த தரவின்மேல் படம் அமைத்துத் திருப்பி அனுப்பினால், செயற்கூறு முடிந்ததும் தரவு போய்விடும், படம் வெறும் முகவரியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பைதானில் இது இன்னும் எளிதாக நேரும், ஏனென்றால் பெயர் இல்லாத நம்பை வரிசையைக் குப்பை சேகரிப்பான் சத்தமின்றி அள்ளிக்கொண்டு போய்விடும். திருப்பி அனுப்பும் இடத்தில் காப்பி என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். கோளாறு நின்றால் காரணம் உறுதி.

இரண்டாவது, பின்னணித் த்ரெட்டில் கியூபிக்ஸ்மேப்பைத் தொடுவது. பின்னணியில் கியூஇமேஜ் மட்டும் இருக்கட்டும். முடிந்ததும் சிக்னல் மூலம் முதன்மைத் த்ரெட்டுக்கு அனுப்பி அங்கே பிக்ஸ்மேப்பாக்குங்கள்.

மூன்றாவது, வரியைத் தாண்டி எழுதுவது. மங்கலாக்கும் வடிகட்டி போன்றவற்றில், ஓரப் பிக்சலுக்கு அண்டைப் பிக்சல் இல்லை என்பதை மறந்தால் இது நேரும். கண்ணால் தேட வேண்டாம். அட்ரஸ் சானிடைசர் வைத்துத் தொகுத்து ஓட்டினால் நிரலின் எந்த வரியில் எல்லை மீறியது என்று அதுவே சொல்லிவிடும்.

இந்த மூன்றும் இல்லை, சானிடைசரும் அமைதியாக இருக்கிறது, ஆனாலும் நிற்கிறது என்றால் அதே நிரலை வேறொரு கணினியில் ஓட்டுங்கள். ஒரே கணினியில் மட்டும் நின்றால் திரை அட்டையின் டிரைவரைப் புதுப்பித்து, இரவு முழுவதும் நினைவகச் சோதனை ஓட்டிப் பாருங்கள். அதில் பிழை வந்தால் இனி அது சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைக்காரரின் வேலை. எல்லாக் கணினியிலும் நின்று, நின்ற இடத்தின் அழைப்புப் பட்டியலில் உங்கள் செயற்கூறு ஒன்றுகூட இல்லாவிட்டால், அனுபவமுள்ள ஒருவரையோ கியூட்டின் கட்டண ஆதரவையோ நாட வேண்டிய நேரம் அது. போகும்போது முழு மென்பொருளையும் தூக்கிக்கொண்டு போகாமல், கோளாறைக் காட்டும் ஐம்பது வரி நிரல், 101 பிக்சல் படம், கியூட் பதிப்பு எண், அந்த மூன்று கேள்விகளின் பதில் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். அந்த ஐம்பது வரியைத் தயார் செய்யும்போதே காரணம் பிடிபட்டுவிடுவதும் உண்டு.

## அறிகுறி: படமே திறக்கவில்லை, அல்லது படுத்துக் கிடக்கிறது

படம் வெறுமையாக இருக்கிறதா என்று சொல்லும் இஸ்நல் என்பதைக் கேட்காமல் பிக்சலைத் தொட வேண்டாம். கியூஇமேஜ்ரீடர் வழியாகத் திறந்தால் எரர்ஸ்ட்ரிங் காரணத்தைச் சொல்லும். கோப்பின் பெயர் பிஎன்ஜி என்று இருந்து உள்ளே ஜேபெக் இருப்பது, வாடிக்கையாளர்கள் பெயரை மாற்றி அனுப்பும் படங்களில் சகஜம். செட்டிசைட்ஃபார்மட்ஃப்ரம்கன்டென்ட் அதைத் தீர்க்கும். உங்கள் கணினியில் திறந்து வாடிக்கையாளரிடம் திறக்காவிட்டால், பட வகைகளைப் படிக்கும் செருகுநிரல்கள் உள்ள இமேஜ்ஃபார்மட்ஸ் கோப்புறை மென்பொருளுடன் போகவில்லை. பதாகை அளவுள்ள மாபெரும் படம் மட்டும் மறுக்கப்பட்டால், கியூட் 6-இல் வந்த நினைவக ஒதுக்கீட்டு வரம்பைச் செட்அலொகேஷன்லிமிட் மூலம் உயர்த்துங்கள். கைபேசிப் படம் படுத்திருந்தால் செட்ஆட்டோடிரான்ஸ்ஃபார்ம் இயல்பாக அணைந்திருக்கிறது, ஏற்றிவிடுங்கள்.

## அறிகுறி: திரையில் ஒரு நிறம், அச்சில் வேறு நிறம்

பிக்சல் மதிப்பை அச்சிட்டுப் பாருங்கள். நீங்கள் எழுதிய எண்ணே இருந்தால் நிரலில் குறையில்லை. இரண்டு கணினிகளுக்கு இடையே மட்டும் வேறுபட்டால், படத்தோடு வந்த நிறவெளியைப் புறக்கணித்திருக்கலாம், கியூட் 5.14 முதல் உள்ள கியூகலர்ஸ்பேஸ் கொண்டு எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிப் பாருங்கள். அதையும் தாண்டி, அம்மனின் பச்சைப் பட்டு அச்சில் மங்குகிறது என்ற புகார் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பச்சையைக் கண்ணளவில் கூட்டிக் குறைத்து நான் இரண்டு வாரம் வீணாக்கியிருக்கிறேன்; கடைசியில் அச்சு இயந்திரத்துக்கும் தாளுக்கும் உரிய நிறக் கோப்பை அச்சகத்திலேயே கேட்டு வாங்கி, திரையை அளவிட ஓர் ஆளை வரவழைத்ததும் அரை நாளில் தீர்ந்தது.